டியூட்டி முடிந்த பிறகும் கற்றுக்கொள்வது: வன்னித் தாதியருக்கு ஒரு மீள்நோக்கு வழிகாட்டி

இரவு ஏழு மணிக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டு உடுப்பு மாற்றும் அறையில் நாம் பேசிக்கொள்வதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "அந்த ஐயாவுக்கு லைன் போடவே ஏலாமல் போச்சு." "டொக்டர் வரும் வரைக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல." "சிஸ்டர் ஏன் அப்பிடிச் சொன்னவா?" அன்றைய வேலையில் கற்க இருந்ததில் பாதி அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குள் வந்துவிடும். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பரந்தன் சந்தியில் ஒருவர், முறிகண்டியில் ஒருவர் என்று இறங்கிப் போக, பேச்சும் அதோடு போய்விடும்.

தாதியர் கல்லூரியில் ரிப்ளெக்சன் (மீள்நோக்கு) என்று படித்ததும் அசைன்மென்ராக எழுதிக் கொடுத்ததும் இந்தப் பேச்சைப் பிடித்து வைக்கும் வேலையைத்தான். நியமனம் கிடைத்த பிறகு பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. புள்ளி போட ஆள் இல்லை, நேரமும் இல்லை என்பது உண்மை. ஆனால் வன்னியில் இதற்கு மற்ற இடங்களை விட அவசியம் கூட என்பது என் எண்ணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கே பார்த்தாலும் முதல் நியமனத்தில் வந்து இடமாற்றம் கிடைத்ததும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே கற்றதெல்லாம் அவர்களோடேயே ஏ9 வீதியில் ஏறிப் போய்விடுகிறது. அடுத்து வருகிற பிள்ளை முதலிலிருந்து தொடங்குகிறாள். எழுதி, சக ஊழியரோடு பேசி, வோட்டில் ஏதாவது ஒன்றை மாற்றி வைத்தால்தான் ஒருவர் கற்றது அடுத்தவருக்கு மிஞ்சும்.

இந்த வழிகாட்டி அதற்குத்தான். எங்கே, எப்படித் தொடங்குவது, எதை எழுதக்கூடாது, எழுதியதை என்ன செய்வது என்று ஒழுங்காகப் பார்ப்போம்.

முதல் படி: கொப்பியும் அதற்குரிய கட்டுப்பாடும்

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் நான் கொப்பிக்குத்தான் வாக்களிப்பேன். போன் பிள்ளைகளின் கையில் போகும், திருத்தக் கடையில் கொடுக்க வேண்டிவரும், வட்ஸ்அப் குழுவில் தவறி ஒரு படம் போனால் திரும்பி வராது.

கொப்பியில் நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், பி.எச்.ரி. (நோயாளியின் வோட்டுப் பதிவேடு) இலக்கம் எழுதக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வன்னியில் அது போதாது. இங்கே ஊர்கள் சின்னவை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "முள்ளியவளையில் இருந்து வந்த, ஒரு கால் இல்லாத, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளின் தகப்பன்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை. வாசிக்கிறவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார், ஒருவேளை அவருக்குச் சொந்தக்காரராகவும் இருப்பார். ஆகவே ஊரை விடுங்கள், வயதைப் "நடுத்தர வயது" என்று ஆக்குங்கள், குடும்ப விவரத்தில் பாடத்துக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள். திகதிக்குப் பதிலாக மாதம் போதும். சக ஊழியர்களுக்கும் இதே விதிதான்: "அந்த டியூட்டி டொக்டர்" என்று எழுதினால்கூட இரண்டு பேர் வேலை செய்யும் பிரதேச வைத்தியசாலையில் அது பெயர் எழுதியதற்குச் சமம்.

இன்னொன்று முக்கியம். இந்தக் கொப்பி வைத்தியசாலைப் பதிவு ஆகாது. மருந்து மாறிக் கொடுபட்டது, நோயாளி கட்டிலால் விழுந்தார் என்பவற்றை அறிவிக்க அதற்குரிய படிவமும் வழியும் இருக்கின்றன. அதை முதலில் செய்ய வேண்டும். கொப்பியில் எழுதிவிட்டோம் என்று அங்கே அறிவிக்காமல் விடக்கூடாது. பி.எச்.ரி.யில் உங்கள் மனத்தில் ஓடியதை எழுதவும் கூடாது. அங்கே பார்த்தது, செய்தது, நேரம், கையொப்பம், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எதை எழுதுவது என்று தெரிவு செய்தல்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய சம்பவத்தைத் தேடுவார்கள். ஒரு மரணம், ஒரு சி.பி.ஆர்., ஒரு விபத்து. அவற்றை எழுதத்தான் வேண்டும், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். பெரிய சம்பவத்தில் உணர்ச்சி மேலே வந்து நின்று பாடத்தை மறைத்துவிடும். சின்னதாக, மனதில் ஒரு முள் மாதிரி நிற்கிற ஒன்றை எடுங்கள். ஒரு அம்மாவுக்கு இன்சுலின் போடக் காட்டிக் கொடுத்தீர்கள், அவர் தலையாட்டினார், ஆனால் விளங்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தது. அல்லது கிளினிக்குக்கு வந்தவர் மூன்று மாதமாக மருந்து எடுக்கவில்லை, ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

நன்றாக நடந்ததையும் எழுதுங்கள். அழுத பிள்ளைக்கு ஒரே குத்தில் கனுலா (நாளத்துக்குள் போடும் மெல்லிய குழாய்) போட்டீர்கள் என்றால் அது ஏன் சரிவந்தது? தாயின் மடியில் வைத்துப் போட்டதாலா, வெளிச்சம் நன்றாக இருந்ததாலா, முந்தியே பிளாஸ்ரரை வெட்டி வைத்ததாலா? தெரிந்தால்தான் அடுத்த முறையும் அப்படிச் செய்ய முடியும்.

வன்னிக்கென்றே சில விடயங்கள் திரும்பத் திரும்ப வரும், அவற்றுக்குக் கொப்பியில் தனி இடம் வையுங்கள். பாம்புக்கடி, வயல் காலத்து எலிக்காய்ச்சல், டெங்கு, வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயாளர்கள், போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் இருப்பவர்களின் படுக்கைப் புண். உடம்புக்குள் பீஸ் (குண்டுச் சிதறல் துண்டு) இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது, அந்த உலோகத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ.க்கு ஒருவரை அனுப்பும்போது "ஒப்பரேசன் ஏதும் செய்தனீங்களோ?" என்ற வழக்கமான கேள்விக்கு "இல்லை" என்பார். "உடம்பில பீஸ் ஏதும் இருக்கோ?" என்று கேட்டால்தான் "ஓம் மிஸ், முதுகில ரெண்டு கிடக்குது" என்பார். அவரைப் பொறுத்தவரை அது ஒப்பரேசனில் சேர்த்தி இல்லை, அவ்வளவுதான். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று எழுதி வைப்பது, பாடப் புத்தகத்தில் கிடைக்காத அறிவு.

மூன்றாம் படி: எழுதுவது

பல வடிவங்கள் இருக்கின்றன. கிரகாம் கிப்ஸ் 1988 இல் கொடுத்த ஆறு கட்டச் சுழற்சிதான் கல்லூரியில் அதிகம் படிப்பிக்கப்படுவது: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், ஏன் அப்படி, முடிவு, இனிச் செய்யப்போவது. இதை விடச் சுருக்கமான வடிவம் ஒன்று உண்டு. என்ன? அதனால் என்ன? இனி என்ன? ரெரி போர்ட்டன் 1970 இல் ஆசிரியர்களுக்காக முன்வைத்த இந்த மூன்று கேள்விகளை ஜோன் டிரிஸ்கொல் பின்னர் தாதியத்துக்குக் கொண்டு வந்தார்.

என் ஆலோசனை: நைட் முடிந்து களைத்துப் போய் வருகிற நாளில் மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து ஆறு கட்டத்திலும் விரிவாக எழுதுங்கள். தினமும் ஆறு கட்டம் எழுதத் தொடங்குகிறவர் இரண்டாவது கிழமையே விட்டுவிடுவார்.

விரிவாக எழுதுவது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி. இது கற்பனையாகக் கட்டிய சம்பவம், ஆனால் இங்கே வேலை செய்கிற எவருக்கும் பழக்கமானது. ஒரு பிரதேச வைத்தியசாலை, இரவு டியூட்டி, ஒரு தாதி, ஒரு சிற்றூழியர், குவாட்டர்ஸில் டொக்டர். வயலில் பாம்பு கடித்த ஒருவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு வருகிறார்கள். முதலில் விசகடி வைத்தியரிடம் போய்விட்டு வந்திருக்கிறார்கள். காலில் கயிறு.

நடந்ததை எழுதும்போது ஒரு சி.சி.ரி.வி. கமராவுக்குத் தெரிந்திருக்கக் கூடியதை மட்டும் எழுதுங்கள். "உறவினர்கள் பொறுப்பில்லாமல் நடந்தார்கள்" என்பது கமராவுக்குத் தெரியாது. "நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், ஒருவர் காலைத் தடவிக்கொண்டிருந்தார்" என்பது தெரியும். அந்தத் தாதியின் கொப்பியில் இப்படி இருக்கலாம்:

"டொக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். பி.பி., நாடி, ஒட்சிசன் அளவு பார்த்தேன். டொக்டர் வந்து 20 நிமிட இரத்த உறைதல் சோதனை செய்யச் சொன்னார். கண்ணாடிக் குழாய் தட்டில் இருக்கவில்லை, அலுமாரியில் தேடி எடுத்தேன். 2 மி.லீ. இரத்தம் எடுத்து விட்டு, குழாயை ட்ரொலியில் வைத்தேன். இடையில் ட்ரொலியை நகர்த்த வேண்டி வந்தது. எத்தனை மணிக்கு வைத்தேன் என்று எழுதவில்லை. பிறகு சரித்துப் பார்த்தபோது இரத்தம் உறையவில்லை. அம்புலன்ஸில் மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினோம். அங்கிருந்து போனில் கேட்டார்கள்: கடித்தது எத்தனை மணி, சோதனை வைத்தது எத்தனை மணி? இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை."

இந்தப் பந்தியில் குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. முதல் கட்டத்துக்கு அது போதும்.

உணர்வு என்ற கட்டத்தில் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் விழுவார்கள். ஒன்று "கவலையாக இருந்தது" என்று ஒரு வரியில் முடிப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் அழுவார்கள். உணர்வை எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது: அது கையை எப்படி அசைத்தது என்று பார்க்க. அந்தத் தாதி "பயமாக இருந்தது" என்று எழுதினால் அடுத்த கேள்வி, பயந்ததால் என்ன செய்தாய், எதைச் செய்யாமல் விட்டாய்? "உறவினர்கள் முதலில் விசகடி வைத்தியரிடம் போனதில் எனக்குக் கோபம் வந்தது. அதனால் அவர்களிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை." இந்த வரி விலைமதிப்பில்லாதது. கடித்த நேரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோபம்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவிடவில்லை.

நல்லதும் கெட்டதும் எழுதும்போது நல்லதைத் தாண்டி ஓடாதீர்கள். டொக்டருக்கு உடனே அறிவித்தது, நோயாளியை நடக்கவிடாமல் படுக்க வைத்தது எல்லாம் சரியான வேலை. அது எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, ஏன் அப்படி நடந்தது என்ற ஆய்வு. கொஞ்சம் நேரம் எடுங்கள், ஏனென்றால் முழு எழுத்தின் பயனும் இதில்தான் தங்கியிருக்கிறது. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நான், இடம், அறிவு.

"நான்" என்ற நிரலில்: நேரம் குறிக்கவில்லை, உறவினரிடம் கேட்கவில்லை.

"இடம்" என்ற நிரலில்: கண்ணாடிக் குழாய் அவசரத் தட்டில் இல்லை. மணிக்கூடு வோட்டுப் பக்கச் சுவரில் இருக்கிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் தெரியாது. ஒரே ஆள் இரத்தம் எடுத்து, மருந்து போட்டு, போன் எடுத்து, உறவினரையும் சமாளிக்க வேண்டும். சிற்றூழியருக்கு இந்தச் சோதனையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆகவே ட்ரொலியை நகர்த்தியது அவர் பிழையாகாது.

"அறிவு" என்ற நிரலில் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், நினைவை நம்பக்கூடாது. அந்தச் சோதனையில் குழாய் சுத்தமான, உலர்ந்த கண்ணாடியாக இருக்க வேண்டும். பிளாஸ்ரிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் சாதாரண இரத்தமே உறையாமல் போகலாம். அப்போது விஷம் ஏறாதவருக்கும் ஏறியது போலத் தெரியும். அறை வெப்பநிலையில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். இடையில் இரண்டு மூன்று முறை சரித்துப் பார்க்கிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆவல் யாரை விட்டது. அப்படிச் செய்தால் முடிவை நம்ப முடியாது. உறையாத இரத்தம் புடையன் பாம்புக் கடியில் அன்ரிவெனம் (விஷமுறிவு மருந்து) கொடுப்பதைத் தீர்மானிக்கிற விடயம். அன்ரிவெனம் கொடுத்தால் ஒவ்வாமை வருவது இங்கே சாதாரணம், அட்ரினலின் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். ஆகவே ஒரு குழாயை எத்தனை மணிக்கு வைத்தோம் என்பது சின்ன விடயம் இல்லை.

மூன்று நிரலையும் பார்த்தால் ஒன்று தெரியும். "நான்" நிரலில் இருப்பதை விட "இடம்" நிரலில் கூட இருக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் வரும். தன்னைத் தானே திட்டிக்கொண்டு முடிக்கிற எழுத்தால் அடுத்த பாம்புக்கடி நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. அதே நேரம், எல்லாவற்றையும் "இடம்" நிரலில் தள்ளிவிட்டு "ஆள் பற்றாக்குறை" என்று முடிக்கிற எழுத்தும் அப்படித்தான். ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் அது அடுத்த கிழமை நீங்கள் மாற்றக்கூடியது இல்லை.

நான்காம் படி: மாற்றக்கூடியது ஒன்று

செயல்திட்டம் என்ற தலைப்பில் "இனிக் கவனமாக இருப்பேன்" என்று எழுதுவதுதான் மீள்நோக்கு எழுத்துகளின் பொது வியாதி. கவனமாக இருப்பேன் என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. என்ன, எங்கே, எந்தத் திகதிக்குள், யாரிடம் சொல்லி என்று எழுத முடிகிற ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

மேலே சொன்ன தாதிக்கு இரண்டு வேலை. முதலாவது, ஒரு சின்னத் தட்டு: இரண்டு உலர்ந்த கண்ணாடிக் குழாய், ஒரு குழாய்த் தாங்கி, ஒரு துண்டு பிளாஸ்ரர், ஒரு பேனை. இரத்தம் விட்டதும் பிளாஸ்ரரில் நேரம் எழுதிக் குழாயில் ஒட்டி, தாங்கியை ட்ரொலியில் வைக்காமல் அலுமாரி மேல் வைப்பது. இதற்குச் செலவு இல்லை, வோட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரின் சம்மதமும் ஒரு மூலையும் இருந்தால் போதும்.

இரண்டாவது, நேரம் கேட்கும் முறை. வயலில் நிற்கிறவர் கையில் மணிக்கூடு பார்த்துக் கடி வாங்குவதில்லை. "பொழுது படேக்க" என்பார், "மாடு அவிழ்க்கப் போன நேரம்" என்பார். அதற்கு மேல் நாம்தான் போக வேண்டும். "கடிச்சவுடன ஆருக்காவது போன் எடுத்தனீங்களோ?" என்று கேளுங்கள். எடுத்திருப்பார்கள். போனில் அந்த அழைப்பின் நேரம் இருக்கும். உறவினரிடம் கோபத்தைக் காட்டாமல் இருப்பதற்கும் இது ஒரு நல்ல வழி, அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. விசகடி வைத்தியர் என்ன குடிக்கக் கொடுத்தார், எங்கே கீறினார் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். அதட்டினால் மறைப்பார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கொப்பியில் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, தட்டு இன்னும் அங்கே இருக்கிறதா, யாராவது பாவித்தார்களா, குழாய் காணாமல் போய்விட்டதா என்று இரண்டு வரி எழுதுங்கள். காணாமல் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மாற்ற வேண்டியது யார் பொறுப்பில் அந்தத் தட்டு என்பதை.

ஐந்தாம் படி: வேலை நடக்கும்போதே யோசிப்பது

டொனால்ட் ஷோன் 1983 இல் இரண்டைப் பிரித்துச் சொன்னார்: செய்து முடித்த பின் யோசிப்பது, செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது. இரண்டாவது எழுத்தில் வராது, ஆனால் முதலாவதைத் தொடர்ந்து செய்கிறவருக்கு மெல்ல மெல்லக் கைவரும்.

டெங்கு வோட்டை எடுங்கள். ஐந்தாம் நாள் காலையில் தாய் வந்து சந்தோசமாகச் சொல்கிறார், "காய்ச்சல் விட்டிட்டுது மிஸ், வீட்டை போகலாமோ?" புதிதாக வந்தவர் "டொக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அனுபவம் உள்ளவருக்கு அந்த இடத்தில் ஒரு மணி அடிக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் இரத்தக் குழாயால் நீர் கசிகிற ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடிய நேரம். கையைத் தொட்டுப் பார்ப்பார், குளிர்ந்திருக்கிறதா? பி.பி. எடுத்து மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார். 100க்கு 80 என்றால் மேல் எண் நல்லாகத்தானே இருக்கிறது என்று விடமாட்டார். வித்தியாசம் 20க்கு வந்துவிட்டது, அது அதிர்ச்சி நிலையின் அடையாளம், உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சலம் போனது எப்போது என்று தாயிடம் கேட்பார். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள்.

இந்த ஒரு நிமிடத்தைப் புதியவருக்கு எப்படிக் கொடுப்பது? அனுபவசாலி அதைச் சத்தமாகச் செய்ய வேண்டும். "இங்க பார் தங்கச்சி, ஏன் நான் கையைத் தொட்டுப் பாக்கிறன்?" என்று கேட்டுக்கொண்டே செய்தால் போதும்.

ஆறாம் படி: ஒருவரோடாவது பேசுவது

கொப்பி மட்டும் போதாது. நம் கண்ணுக்கு நம் பழக்கம் தெரியாது. நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள், முடிந்தால் வேறு வோட்டில் வேலை செய்கிறவர். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆறுதல் சொல்லக்கூடாது, ஆலோசனையும் முதலில் சொல்லக்கூடாது. கேள்வி மட்டும் கேட்க வேண்டும். "அந்த நேரம் என்ன தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்?" "வேற ஆர் அங்க நிண்டவை?" நம் ஊரில் இது கஷ்டம், ஏனென்றால் "அதுக்கென்ன செய்யிறது, விடு" என்று சொல்வதுதான் நமக்கு அன்பு.

வோட்டுச் சிஸ்டர்மாருக்கு ஒரு விண்ணப்பம். பகல் ஒரு மணிப் பொறுப்பு மாற்றத்தில்தான் காலை ஆட்களும் மாலை ஆட்களும் ஒன்றாக இருப்பார்கள். மாதத்தில் ஒரு நாள், அதற்குப் பிறகு 15 நிமிடம் ஒரு சம்பவத்தைப் பேச ஒதுக்குங்கள். பெயர் இல்லாமல், "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்பதற்குப் பதிலாக "என்ன இருந்திருந்தால் இது சுகமாக நடந்திருக்கும்" என்று தொடங்குங்கள். அந்தப் பேச்சில் சொல்லப்பட்டது மறுநாள் விளக்கக் கடிதமாக யாருக்காவது வந்தால், அன்றோடு அந்தக் கூட்டம் செத்துவிடும். விசாரணை வேண்டிய விடயத்தை விசாரணை வழியிலேயே கொண்டு போங்கள், இந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வராதீர்கள். சிற்றூழியர்களையும் கூப்பிடுங்கள். ட்ரொலியை நகர்த்துகிறவர் அவர்தான்.

மூத்தவர்களிடம் கேட்டு எழுதுவதும் இந்தப் படியில் அடங்கும். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை இடம்பெயர்ந்துகொண்டே போன காலத்தில் வேலை செய்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எதுவும் இல்லாத இடத்தில் எதை முதலில் செய்வது என்பதில் அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடநெறியிலும் இல்லை. ஆனால் கேட்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். சிலர் சொல்ல விரும்புவார்கள், சிலருக்கு அந்த வாசலைத் திறக்க விருப்பம் இராது. நோயாளியின் தழும்பைப் பார்த்து "இது எப்படி வந்தது?" என்று சும்மா கேட்பதும் அப்படித்தான். சிகிச்சைக்குத் தேவையென்றால் ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

எழுதுவதை நிறுத்த வேண்டிய நேரம்

மீள்நோக்கு எல்லாவற்றுக்கும் மருந்து ஆகாது. ஒரு சம்பவத்தை எழுதி முடித்த பின்னும் அது கனவில் வருகிறது, அந்தக் கட்டிலைக் கடக்கும்போது நெஞ்சு படபடக்கிறது, டியூட்டிக்குப் போகவே மனம் வரவில்லை என்றால் கொப்பியை மூடுங்கள். திரும்பத் திரும்ப எழுதினால் சிலருக்கு அந்த வேதனை அதிகமாகத்தான் செய்யும். நம்மில் பலர் சிறு வயதிலேயே இடப்பெயர்வையும் இழப்பையும் கண்டவர்கள், இன்றைய வோட்டுச் சம்பவம் பழைய ஒன்றைத் தட்டி எழுப்பிவிடலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு நோயாளிகளுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

ஏழாம் படி: கொப்பியிலிருந்து கோப்புக்கு

கொப்பி உங்களுக்கானது. வளர்ச்சியைக் காட்டுவதற்குத் தனியாக ஒரு கோப்பு வேண்டும். அதில் 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, டிப்ளோமா, சேவைக்காலப் பயிற்சிகளின் சான்றிதழ்கள், எந்தெந்த வோட்டில் எந்தக் காலம் என்ற பட்டியல் ஆகியவற்றைப் போடுங்கள். பயிற்சிச் சான்றிதழ் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தாள் வையுங்கள்: இந்தப் பயிற்சிக்குப் பிறகு வோட்டில் எதை வேறு மாதிரிச் செய்தேன்? பதில் ஒன்றும் இல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள். இரண்டு வருடச் சான்றிதழ்களை அப்படிப் பார்த்தால் எந்தப் பயிற்சி உருப்படி, எது சாப்பாட்டுப் பொதியோடு முடிந்தது என்று தெரியும்.

கோப்பின் முன்பக்கத்தில் உங்கள் நிலையை நீங்களே மதிப்பிட்டு எழுதலாம். பட்ரீசியா பெனர் 1984 இல் தாதியின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்: தொடக்கநிலையாளர், சிறிது அனுபவம் பெற்றவர், தகைமை பெற்றவர், தேர்ச்சி பெற்றவர், நிபுணர். இதில் நமக்குப் பயனுள்ள விடயம், ஒருவர் எல்லா இடத்திலும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பது. மெடிக்கல் வோட்டில் பத்து வருடம் நின்ற அக்கா, பிரசவ அறைக்கு மாற்றப்பட்டால் முதல் நாள் தொடக்கநிலையாளர்தான். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டால் ஆபத்து நோயாளிக்கு. ஆகவே ஒரே சொல்லில் எழுதாமல் வேலைவாரியாக எழுதுங்கள்: பாம்புக்கடியில் தேர்ச்சி, வென்ரிலேற்றரில் தொடக்கம், படுக்கைப் புண்ணில் நிபுணர். அடுத்த வருடம் எதைக் கற்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

பட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு, வேலையை விடாமல் படிக்கக்கூடிய வழி இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டம். பாடநெறிகளில் மீள்நோக்கு எழுத்து கேட்கப்படும்போது, கொப்பி வைத்திருப்பவருக்குக் கதை கட்ட வேண்டிய தேவை வராது.

வெளிநாடு போக யோசிப்பவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பயனில்லை. பிரித்தானியாவில் பதிவு பெற்ற தாதியர் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முறைப்படி 450 மணித்தியால வேலை, 35 மணித்தியாலக் கற்றல், ஐந்து பின்னூட்டங்கள், எழுத்தில் ஐந்து மீள்நோக்குப் பதிவுகள், அவற்றைப் பற்றி இன்னொரு பதிவு பெற்ற தாதியோடு ஒரு கலந்துரையாடல் ஆகியவை வேண்டும். நோயாளியையோ சக ஊழியரையோ அடையாளம் காட்டும் எதுவும் அந்தப் பதிவுகளில் இருக்கக்கூடாது என்பது அங்கேயும் விதி. இங்கே பழகிய கை அங்கே தடுமாறாது.

இடமாற்றக் கடிதம் வந்தால் கொப்பியை நீங்கள் கொண்டு போங்கள், அதைக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் போவதற்கு முந்திய கிழமை அதைப் புரட்டி, இந்த வோட்டுக்கு மட்டுமே உரிய விடயங்களை ஒரு பக்கத்தில் எழுதி சிஸ்டரிடம் கொடுங்கள். சக்ஷன் இயந்திரத்தின் எந்த வயர் தொட்டால் நிற்கும், இரவில் அம்புலன்ஸ் சாரதியை எந்த வழியில் எழுப்பலாம், மழைக்காலத்தில் எந்தக் குளத்து வான் பாய்ந்தால் எந்த ஊர்க்காரர் கிளினிக்குக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கு முதல் மாதமே இரண்டு மாத மருந்துக்கு டொக்டரிடம் கேட்க வேண்டும் என்பவை. திகதி போட்டு, வோட்டுப் பலகைக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.